250 யூரோவா, 400 யூரோவா? மாட்ரிட்–பெர்லின் விமானத் தாமதமும் கிலோமீட்டர் சண்டையும்

விமானத் தாமதத்துக்கான இழப்பீட்டுப் பணம் ஒருவழியாக வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் அந்த விமான நிறுவனம் என்னை அலைக்கழித்த கோபம் இன்னும் தீரவில்லை.

மாட்ரிட்டிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக பெர்லின், ஒரே டிக்கெட். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி முதல் விமானமே தாமதம். பிராங்க்பர்ட்டில் இறங்குவதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. நேராகப் பறந்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்கு, சொன்ன நேரத்தைவிட நான்கு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

விண்ணப்பம் போட்டதில் சிரமம் எதுவும் இல்லை. சிக்கல் பதிலில்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறைப்படி 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள்ளேயே அதற்கு மேல் போனால் 400 யூரோ. அவர்கள் எழுதியது இது: தாமதமானது மாட்ரிட்–பிராங்க்பர்ட் விமானம், தூரம் சுமார் 1,420 கி.மீ., ஆகவே 250தான். அதையும் பணமாகத் தராமல் வவுச்சராகத் தருவார்களாம்! போனில் பேசிய பெண், "எங்கள் சிஸ்டத்தில் இப்படித்தான் காட்டுகிறது" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

வவுச்சரை ஏற்கிறேன் என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். நாம் எழுத்தில் சம்மதிக்காதவரை அவர்கள் பணமாகத்தான் தர வேண்டும்.

தூரக் கணக்குக்கு 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று கைகொடுத்தது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்களின் வழக்கு அது. சுற்றிப் பறந்த தூரம் 1,656 கி.மீ., ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேர்த்தூரம் 1,326 கி.மீ. புறப்பட்ட ஊருக்கும் இறுதியாகச் சேரும் ஊருக்கும் உள்ள நேர்த்தூரம்தான் கணக்கு, இடையில் எங்கே இறங்கி ஏறினாலும் அது மாறாது என்றது நீதிமன்றம். அந்தப் பயணிகளுக்கு 250தான் கிடைத்தது. அதே அளவுகோலை என் பயணத்துக்கு வைத்தால் மாட்ரிட்–பெர்லின் சுமார் 1,870 கி.மீ., அதாவது 400 யூரோ. பயணிக்குக் குறைக்க உதவிய கணக்கு, கூட்டிக் கொடுக்கவும் உதவ வேண்டும்தானே? அதையே நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியில் பயணிகளுக்காக இயங்கும் சமரச அமைப்பிடம் போனேன். நமக்குச் செலவு கிடையாது. அதன் பிறகுதான் 400 யூரோ முழுதாக வந்தது. கமிஷன் எடுத்துக்கொண்டு வழக்காடும் நிறுவனங்களிடம் போயிருந்தால் இதில் நல்ல பங்கு அவர்களுக்குப் போயிருக்கும்.

அப்புறம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இதெல்லாம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதிமுறை குடியுரிமையைப் பார்ப்பதில்லை. இரண்டு விமானத்தையும் தனித்தனியாக வாங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்காது.

இழப்பீடு கிடைக்க மூன்று மணி நேரத் தாமதம் வேண்டும். உங்கள் தாமதம் அதை ஒட்டி இருந்தால், விமானக் கதவு திறக்கும் நேரத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில் வராது, கதவு திறந்த நேரம்தான் வரும். சால்ஸ்பர்க்–கொலோன் வழக்கில் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் தரையிறங்கிய விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது தாமதம் 3 மணி 3 நிமிடம் ஆகிவிட்டது, கதவு அதற்குப் பிறகுதான் திறந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் பயணி ஜெயித்தார்.