ஒன்பது நொடி

பழைய கார் ராலியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் கணக்கிடும் நேவிகேட்டர் என்றதும், மலையை ரசித்துக்கொண்டே போகும் வேலை என்று நினைக்கிறார்கள். பிரெஞ்சு ஆல்ப்ஸில் 1,607 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் த துரினி கணவாயைப் பலமுறை கடந்திருக்கிறேன். எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மடியில் வழியும் தூரங்களும் குறித்த ரோடுபுக், அதன் மேல் குட்டி விளக்கு, கையில் ஸ்டாப்வாட்ச். தலை நிமிராது. கொண்டை ஊசி வளைவுகளை வயிறுதான் எண்ணும்.

இது வேகப் போட்டி இல்லை. சராசரி மணிக்கு 50 கி.மீ. என்று கொடுத்தால் அதிலேயே நிற்க வேண்டும். வழியில் எங்கோ ரகசியமாக நேரம் குறிப்பார்கள். முந்தினாலும் அபராதம், பிந்தினாலும் அபராதம். ஐம்பதுதானே என்று தோன்றும். உறைந்த ரோட்டில், இரவில், அரை நூற்றாண்டுப் பழைய காருக்கு அது சாதாரண வேகமா?

எங்களுக்கு ட்ரிப்மீட்டர்தான் தெய்வம். சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரம் சொல்லும். சுற்றளவு மாறினால் தெய்வமும் பொய் சொல்லும்.

அன்று மேலே பனிக்கட்டி என்று தகவல் வர, ஆணி டயர் மாட்டினோம். முந்தைய டயரைவிடக் கொஞ்சம் பெரியது; அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும். மீட்டரில் அளவை மாற்றியிருக்க வேண்டியவன், தொலைந்த கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது இரவு, தூக்கமில்லை என்று சாக்குச் சொல்லலாம். 1960இல் பாட் மாஸும் அவருடைய நேவிகேட்டர் ஆன் விஸ்டமும் ஆஸ்டின் ஹீலி 3000இல் வென்ற லியேஜ்-ரோம்-லியேஜ், நாட்கணக்கில் இரவு பகலாக ஓடிய ராலி. அதை நினைத்தால் வாய் திறக்க வெட்கமாக இருக்கிறது.

லா போலென் வெசுபி கிராமத்திலிருந்து கணவாய்க்கு ஏறினோம். "பிந்துறோம், கொஞ்சம் மிதி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பனியில் பின்பக்கம் வழுக்க வழுக்க ஓட்டுநரும் மிதித்தார். கணவாய் உச்சியில் சாலை பிரியும் இடம். ரோடுபுக்கில் இருந்ததைவிட என் மீட்டர் 120 மீட்டர் குறைவாகக் காட்டியது. பன்னிரண்டு கி.மீ.க்கு ஒரு சதவீதப் பிழை. அந்த வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 மீட்டர். அப்படியென்றால் கிட்டத்தட்ட 9 நொடி முந்தியிருக்கிறோம்.

"மெதுவா போ."

"இப்பதானே மிதிக்கச் சொன்ன?"

"டயர்," என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இறக்கத்தில் அந்த ஒன்பது நொடியையும் பொறுமையாக உதறினார். என் கணக்கு திரும்ப நேரானது.

முடிவுகளைப் பார்த்தபோது தெரிந்தது: ரகசியச் சோதனை உச்சிக்கு 2 கி.மீ. முன்னாலேயே முடிந்திருந்தது.