எடுத்த இடத்தையும் எழுதுங்கள்

‘அங்கிருந்து எடுத்து இங்கே டைவர்ட் பண்ணுங்க’ என்று சொல்ல ஒரு நொடி போதும். ஸ்டோர்ஸில், அதாவது சாமான் கிடங்கில், வேலை பார்த்தவர்களுக்கு அந்த ‘அங்கிருந்து’ என்பதுதான் உறுத்தும்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. அப்போது நான் கடலூரில் மின்சாமான் ஸ்டோர்ஸில் இருந்தேன். எங்கெங்கோ, யார் யார் வேலைக்கோ ஒதுக்கி வைத்திருந்த கம்பம், கம்பி, இன்சுலேட்டர் எல்லாம் புயல் வேலைக்குத் திருப்பிவிடப்பட்டன.

அதில் தவறே இல்லை. மோட்டார் ஓடாமல் ஊரே குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலையும்போது, புது இணைப்புக்கு வைத்த கம்பத்தைப் பூட்டி வைத்து என்ன பயன்? முந்திரித் தோப்புக்குள் லாரி போகாது. விழுந்த மரங்களை வெட்டி வழி எடுத்து, கான்கிரீட் கம்பத்தில் கயிறு கட்டி, கழி கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த வயர்மேன்கள் அவர்கள். அவர்கள் ஊரில் மிச்சமிருந்த வயர்மேன்கள்தான் இங்கே வந்தவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

சில மாதம் கழித்து, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். பம்புசெட் இணைப்புக்குப் பதிந்து வருடக்கணக்கில் காத்திருந்து, முறை வந்து, சாமானும் ஒதுக்கியிருந்த நேரத்தில்தான் புயல். “என் பேருக்கு வந்த கம்பந்தானே சார், எப்ப திருப்பித் தருவீங்க?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பதிவேட்டில் ‘புயல் பணிக்கு’ என்று இருந்தது. யாருடைய வேலையிலிருந்து எடுத்தது என்று ஒரு எழுத்து இல்லை. பழைய சீட்டுகளைப் புரட்டித்தான் அவருடைய இணைப்பு வேலைக்கான எஸ்டிமேட் எண்ணைக் கண்டுபிடித்தோம். அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்.

அதற்கப்புறம், எந்தச் சாமானை மாற்றி அனுப்பினாலும் எடுத்த வேலையின் எண்ணை முதலில் எழுதச் சொல்வேன். அவசரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவசரத்தில்தானே மறந்துபோகிறது? 2015 நவம்பர் வெள்ளத்தில் மறுபடியும் கம்பங்களை அப்படி மாற்றி அனுப்பினோம். புதுச் சரக்கு வந்து இறங்கியதும், முதலில் யாருக்குத் தர வேண்டும் என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தது.