முதல் மாரியில் எரிந்த மில் மோட்டர்

முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுப் பக்கம் மாவும் தூளும் அரைக்கும் மில் ஒன்றைத் திறந்து ஆறு மாதம் ஆகவில்லை, 7.5 குதிரைவலு மோட்டர் எரிந்துவிட்டது. வியாபாரப் பதிவு, பிரதேச சபை அனுமதி, திறீ பேஸ் இணைப்பு (மூன்று லைன் வயரில் வரும் மின்சாரம், ஒவ்வொன்றும் ஒரு பேஸ்) எல்லாம் நேரத்துக்கு முடிந்தவை. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எரிந்த மோட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலைச்சலையும், ஒரு பேஸ் போனால் மோட்டரைத் தானே நிறுத்தும் ஒரு சின்ன றிலே இருந்திருந்தால் அது எரிந்தேயிருக்காது என்பதையும்தான் எழுத வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை. காற்றுக்கு வெளிலைனில் மூன்று பேஸில் ஒன்று போய்விட்டது. மில்லுக்குள் லைற் எரிந்தது, விசிறி சுற்றியது, ஏனென்றால் அவை வேறு பேஸில். மோட்டரைத் தொடக்கும் ஸ்டாட்டர் பெட்டியின் முகப்பில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீல லைற் மூன்றும்கூட எரிந்துகொண்டுதான் இருந்தன. இதைப் பலர் நம்புவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர், இல்லாமல்போன பேஸுக்குத் தானே வோல்ற்றை உண்டாக்கித் திருப்பிக் கொடுக்கும். அதனால் லைற்றைப் பார்த்து மூன்று பேஸும் இருக்கிறது என்று முடிவெடுக்கவே கூடாது.

காதுதான் முதலில் சொல்லும். வழக்கமான இரைச்சல் போய், அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம் வரும். வேகம் விழும், மா சொரசொரப்பாக விழும். நாங்கள் பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்து, இறுக்குவதற்குச் சாவி எடுக்கப் போனோம். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் வார்னிஷ் எரிகிற மணம் வந்துவிட்டது. சத்தம் மாறினால் முதலில் நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் மோட்டர் சுழலாமல் உறுமிக்கொண்டு மட்டும் நின்றால், பேஸ் ஒன்று இல்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கக்கூடாது. மெயினை இறக்கிவிட்டு மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்ல வேண்டியதுதான்.

பெட்டிக்குள் கரண்ட் கூடினால் விழுந்து மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் றிலே ஒன்று இருந்ததே, அது ஏன் விழவில்லை? இதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது. மோட்டர் தகட்டில் 11 அம்பியர் என்று இருந்தது. பெட்டி பூட்டிய வயர்மன் றிலேயின் முள்ளை 11இல் வைத்துவிட்டுப் போனார். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஸ்டார் டெல்டாப் பெட்டிகளில் (மோட்டரை ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் தொடக்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுபவை) பெரும்பாலும் அந்த றிலே மெயின் கொன்டாக்டருக்கு, அதாவது மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்தச் சுவிச்சுக்குக் கீழே, மோட்டருக்குப் போகிற ஆறு வயரில் மூன்றில்தான் இருக்கும். டெல்டாவில் ஓடும்போது அந்த மூன்று வயரிலும் போவது முழுக் கரண்ட் இல்லை, அதில் 0.58 பங்குதான். 11ஐ 0.58ஆல் பெருக்கினால் 6.4. முள் அங்கே நின்றிருக்க வேண்டும். 11இல் வைத்தால் லைனில் 19 அம்பியர் போகும்வரை றிலே அசையாது. உங்கள் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். றிலேக்கு அடியில் இருந்து மோட்டருக்கு மூன்று வயரும் வேறு கொன்டாக்டரில் இருந்து இன்னும் மூன்று வயரும் போனால் 0.58 கணக்கு. றிலே லைன் வருகிற பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தால் தகட்டில் உள்ள இலக்கமே சரி.

மோட்டருக்கு ஒரு வருட உத்தரவாதம் இருந்தது. 60 கிலோவுக்கு மேல் பாரமான இரும்பு மோட்டர். பட்டா எனும் சின்ன லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்து வவுனியாவில் வாங்கிய கடைக்குக் கொண்டுபோனோம். பில் இருந்தது, உத்தரவாத அட்டையும் இருந்தது. ஆனால் பில்லில் மோட்டரின் தொடர் இலக்கம் எழுதப்படவில்லை. “இது எங்கட மோட்டர்தான் எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?” என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். மோட்டர் வாசலில் பட்டாவில் கிடக்கிறது, எழும்பி வந்து தகட்டைப் பார்க்கவில்லை. கடையின் பழைய பில் கொப்பியில் தேடச் சொன்னோம், முதலாளி இல்லை, அடுத்த கிழமை வரச் சொன்னார். அன்றைய நாளும் பட்டா வாடகையும் போனதுதான்.

மோட்டரைத் திரும்பக் கொண்டுவந்து சும்மா வைத்திருக்க மனம் கேட்கவில்லை. கிளிநொச்சியில் வைண்டிங் (மோட்டருக்குச் சுருள் சுற்றுவது) செய்யும் ஒருவரிடம் திறந்து காட்டினோம். அது இரண்டாவது பிழை. அடுத்த கிழமை கடைக்குப் போனபோது தொடர் இலக்கம் கிடைத்துவிட்டது, ஆனால் முதல் கேள்வி, “ஆர் உதைத் திறந்தது?” என்பதுதான். மூடியின் போல்ட்டில் சாவி பட்ட அடையாளம் இருந்தால் உத்தரவாதம் இல்லையாம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆகவே மோட்டர் வாங்கும் அன்றே, கடையை விட்டு இறங்குவதற்கு முன், தகட்டில் உள்ள தொடர் இலக்கத்தைப் பில்லிலும் அட்டையிலும் எழுதுவித்துக் கடை முத்திரை வாங்குங்கள். தகட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், மிளகாய்த்தூளும் கிறீஸும் படிந்த பிறகு அது வாசிக்க வராது. எரிந்தால் மூடியைத் தொடாமல் கொண்டுபோங்கள். பெட்டி பூட்டிய வயர்மனிடம் றிலே எத்தனையில் வைத்தார் என்று ஒரு துண்டில் எழுதி ஒப்பம் வாங்கி வைப்பதும் நல்லது. அதையும் எங்களிடம் கேட்டார்கள்.

வைண்டிங் செய்தவர் திறந்து காட்டியதில் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். சுருள் முழுவதும் ஒரே அளவாகக் கறுத்திருந்தால் பாரம் கூடி எரிந்தது. டெல்டாவில் ஓடிய மோட்டரில் மூன்றில் ஒரு பேஸின் சுருள்கள் மட்டும் கரியாகி மற்ற இரண்டும் புதிதுபோல இருந்தால், லைனில் ஒரு பேஸ் போய் எரிந்தது. ஸ்டாரில் ஓடியதென்றால் இரண்டு எரிந்து ஒன்று தப்பும். எங்களுடையதில் ஒன்று மட்டும் கரி.

திரும்பச் சுற்றக் கொடுக்கும்போது பழைய கம்பியின் கேஜும் (தடிப்பும்) சுற்றின் எண்ணிக்கையும் மாறக்கூடாது என்று சொல்லுங்கள். வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைத்தாரா என்றும் கேளுங்கள். வெயிலில் வைத்த வார்னிஷ் மாரி ஈரத்துக்கு நிற்காது. எடுக்கும் முன் பெல்ட் இல்லாமல் ஓடவிட்டு மூன்று வயரிலும் கிளாம்ப் மீற்றர் பிடித்துக் கரண்டை அளந்து பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக, தகட்டில் உள்ளதில் பாதியோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். ஒன்று விலகி நின்றால் பொறுப்பேற்க வேண்டாம். 500 வோல்ற் மெகரில் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீற்றர்) சுருளுக்கும் உடம்புக்கும் இடையில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினாலும் அதே கதைதான். மழைக்கு மில் ஒரு கிழமை பூட்டிக்கிடந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே கரண்ட் கொடுக்க வேண்டும்.

ஸ்டாட்டர் பெட்டியையும் அப்போதுதான் முழுதாகத் திறந்தோம். வயர் வரும் அடி ஓட்டை கையளவு திறந்தபடி இருந்தது. உள்ளே எறும்புப் புற்று, ஒரு கொன்டாக்டருக்குள் காய்ந்த பல்லிக்குஞ்சு. கொன்டாக்ட் ஒன்று பூரணமாகத் தொடாவிட்டால் வெளிலைனில் பழுதே இல்லாமல் பெட்டிக்குள்ளேயே ஒரு பேஸ் போகும். மில்லில் பறக்கும் மா ஈரத்தோடு சேர்ந்து களியாக அப்பும், எறும்பு அதற்குத்தான் வருகிறது. வயர் நுழையும் இடத்துக்குக் கிளாண்ட் (வயரைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் வளையம்) போட்டு இறுக்கி, கதவு விளிம்புக்கு றப்பர் ஒட்டினோம். பெட்டியை அரைக்கும் இயந்திரத்தின் வாய்ப்பக்கம் இருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். மாதம் ஒருமுறை மெயினை இறக்கிப் பிரஷ்ஷால் துடைக்கிறோம், காற்று ஊதுவதில்லை. ஊதினால் மா கொன்டாக்டருக்குள்தான் போகும்.

பிறகு, முதலில் சொன்ன அந்தச் சின்ன றிலே, பேஸ் காப்பு றிலே. மலிவானவை வோல்ற் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். மோட்டர் திருப்பிக் கொடுக்கும் வோல்ற்றில் அவை ஏமாந்துவிடும். மூன்று பேஸின் சமமின்மையையும் வரிசையையும் பார்க்கிற றிலே என்று கேட்டு வாங்குங்கள். வரிசை ஏன் என்றால், லைன் திருத்தும்போது இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும், பிளேட்டை இறுக்கும் நட் கழன்றுவிடும். றிலேயின் தொடர்பை மெயின் கொன்டாக்டரின் கொயில் லைனில் தொடராகக் கொடுக்க வேண்டும். பூட்டியதும், மோட்டர் ஓடுகையில் வயர்மனைக் கொண்டு ஒரு பியூஸைக் கழற்றுவித்து, றிலே விழுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை விழவில்லை, சமமின்மை முள் கடைசியில் இருந்தது. 10 வீதத்துக்கு இறக்கியதும் விழுந்தது.

பெல்ட்டைக் குறை சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட் ஓடும் சக்கரங்களான இரண்டு புல்லிக்கும் இடையில் 80 சென்ரிமீற்றர் என்றால் நடுவில் விரலால் அழுத்த 13 மில்லிமீற்றர் அளவு இறங்க வேண்டும். புதுப் பெல்ட் முதல் நாள் ஓடியதும் தளரும், திரும்ப இறுக்க வேண்டும். ஒன்று போனாலும் முழுச் சோடியையும் மாற்றுங்கள். அடித்தளக் கொங்கிறீற்றுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டபிறகே இயந்திரத்தை ஏற்றுங்கள். அவசரத்தில் நாலாம் நாள் ஏற்றிய எங்கள் போல்ட்டில் இரண்டு ஆட்டம் கண்டு, புல்லி நேர்கோட்டை விட்டு விலகி, பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.

மார்கழியில் திரும்பவும் காற்று. இடியப்ப மாவுக்கு ஊறவைத்த அரிசி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது டக் என்று எல்லாம் நின்றது. லைற் எரிந்தது, விசிறி சுற்றியது, றிலேயில் மட்டும் சிவப்பு. மோட்டர் உடம்பில் கை வைத்துப் பார்த்தோம், வழக்கமான சூடுதான். தொட்டியில் இருந்த அரிசியை வழித்து எடுத்து, சனத்தைப் பின்னேரம் வரச் சொன்னோம். லைன் வந்ததும் வெறும் இயந்திரமாகப் போட்டு, வேகம் பிடித்தபிறகு அரிசியைக் கொட்டினோம்.