ஏ9 வீதியை விட்டு

ஜூன் 14

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சனம் வடிந்துவிட்டது. இனியாவது வன்னிக்குள்ளால் பைக்கில் ஓடும் பாதையை முடிவெடுப்போம் என்று இரவு மச்சான் வந்து குந்திவிட்டான். ஏ9 வீதியால் வவுனியாவிலிருந்து பரந்தன் போவதை நான் பயணமென்றே எடுப்பதில்லை. காப்பெற் போட்ட நேர்வீதி, பின்னால் பஸ்காரனின் ஹோர்ன், அவ்வளவுதான். வன்னி அந்த வீதிக்கு இரண்டு பக்கமும் உள்ளே கிடக்கிறது.

இப்போதைக்கு எழுதி வைத்தது: புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான். அங்கிருந்து மாங்குளம். ஏ9ஐக் குறுக்கே வெட்டி மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். பிறகு ஏ32 வீதியால் பூநகரி.

ஜூன் 16

போன் வரைபடத்தில் நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள்ளால் மெல்லிய கோடுகள் நிறைய. மச்சானுக்கு அதைப் பார்த்தாலே கை துருதுருக்கிறது. அதில் பாதி ட்ரக்டர் தடம், ஏதோ ஒரு குளக்கட்டிலோ வயலிலோ போய் முடியும். ஊராட்களிடம் கேட்காமல் ஒன்றிலும் இறங்குவதில்லை. மிதிவெடி அகற்றும் வேலை 2002 இலிருந்து நடக்கிறது, ஆனாலும் சிவப்புப் பலகையைக் கண்டால் ஒன்றுக்கிருக்கக்கூட வீதியை விட்டு இறங்கக்கூடாது. இதைப் பயமென்று மச்சான் சொல்கிறான். சொல்லட்டும்.

ஜூன் 20

பைக்கை ரயர் ஒட்டுக்கடை அண்ணையிடம் விட்டேன். செயினையும் பின் ரயரையும் பார்த்தார். கிளச் கேபிள் ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் ரியூப், சின்னப் பம்ப், இவ்வளவும் கட்டாயம் என்றார். கிரவல் வீதியில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடு, தாரில் ஏறியதும் அடித்துக்கொள் என்றும் சொன்னார்.

பெற்றோல் எங்கே நிரப்புவது என்று கேட்டதுதான் தாமதம், தொண்ணூறுகளுக்குப் போய்விட்டார். யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியது மண்ணெண்ணெயில். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சட்டைப் பையில் சின்னப் போத்தலில் பெற்றோல் இருக்கும். காபரேற்றர் பக்கம் சில துளி விட்டு உதைத்தால் பிடிக்கும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பின்னால் வெள்ளைப் புகை. “ஒரு சொட்டு கூடுதலா விட்டா மனிசி ஏசும் தம்பி” என்று விரலால் அளவு காட்டினார். அந்த விரல் முழுக்க இன்றைக்கும் கிறீஸ்தான்.

பதில் கடைசியாகத்தான் வந்தது: “பெற்றோல் செட்டைக் கண்ட இடத்திலை நிரப்பு.”

ஜூன் 23

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது, முற்றமெல்லாம் புழுதி. மச்சான் பாதையைத் தலைகீழாக ஓடுவோம் என்கிறான், முதலில் பூநகரி, பிறகு தெற்கே. முடியாது. ஏ32 கரையோர வெட்டை. மேற்கும் வடக்கும் கடலும் உப்புத் தரையும், ஒதுங்க மரமில்லை. தெற்கே இறங்கினால் சோளகம் முகத்தில் மண்ணை வாரி அடிக்கும். வெள்ளாங்குளத்திலிருந்து ஏறினால் அதே காற்று முதுகில். சங்குப்பிட்டிப் பாலம் வரை போய்ப் பார்க்க ஆசைதான். 2011இல் திறந்தபிறகு யாழ்ப்பாணம் எங்களுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆனால் திறந்த நீர்ப்பரப்பில் பக்கக்காற்று. அன்றைய காற்றைப் பார்த்துத்தான்.

ஜூன் 29

கற்சிலைமடுவில் நிற்பது உறுதி. 1803 அக்டோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததைச் சொல்லும் நடுகல் அங்கேதான். தோற்கடித்த பக்கம் நட்ட கல் என்று நினைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்கவேண்டும். முத்தையன்கட்டுக் குளம் பக்கத்தில்தான், மதியம் அங்கே. இந்த மாதத்தில் குளம் வற்றியிருக்கும், குளக்கட்டில் நிழல் இருக்கும். பாலைப்பழம் வீதியோரம் விற்றால் வாங்குவது. உதடெல்லாம் பால் ஒட்டும், சாப்பிட்ட கையோடு ஹெல்மெட்டைத் தொடக்கூடாது.

ஜூலை 4

நாளை. விடியப்புறம் நாலுக்கு வெளிக்கிடலாம் என்றான் மச்சான். நெடுங்கேணிக் காட்டில் இருட்டோடு யானை வீதியில் நிற்கும். வெளிச்சம் வந்தபிறகுதான் புளியங்குளத்தில் திரும்புவது, பொழுதுபடமுன் காட்டு வீதியை விட்டு வெளியேறுவது. இதில் பேச்சில்லை.

திரும்பிவருவது ஏ9ஆல். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வந்தால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டார். கச்சான் கடலையும் வாங்கவேண்டும். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி ஐந்து கிலோ என்று இன்று மாலை புதிதாக ஒரு கட்டளை. என் பெட்டியில் ரியூபும் பம்பும். அரிசியை மச்சானின் பைக்கில் கட்டுவதாகச் சொல்லியாயிற்று, அவனுக்கு இன்னும் தெரியாது.