சகாரோவின் மூன்று நிபந்தனைகளும் வாய்மொழித் தேர்வில் நான் விழித்த கதையும்

முதுநிலை இயற்பியலில் துகள் இயற்பியல் தாளுக்கு நான் மிகுந்த நம்பிக்கையோடு படித்திருந்த வினா, அண்டத்தில் எதிர்ப்பொருளைவிட (எதிர் மின்னூட்டம் போன்ற நேர்மாறான பண்புகள் கொண்ட எதிர்த்துகள்களால் ஆனது) பருப்பொருள் ஏன் மிகுதி என்பதுதான். எழுத்துத் தேர்வில் அது வந்தது. ஆந்த்ரேய் சகாரோவ் 1967இல் முன்வைத்த மூன்று நிபந்தனைகளையும், அதாவது பேரியான் எண் (புரோட்டான், நியூட்ரான் போன்ற, மூன்று குவார்க்குகளால் ஆன பேரியான்களின் எண்ணிக்கையில் எதிர்ப்பேரியான்களைக் கழித்தது) மாறக்கூடியதாக இருத்தல், சி (துகளை எதிர்த்துகளாக மாற்றினாலும் விதி மாறாதது) மற்றும் சிபி (அதோடு இடவலத்தையும் மாற்றினாலும் விதி மாறாதது) சமச்சீர்மைகள் மீறப்படுதல், வெப்பச் சமநிலையிலிருந்து விலகல் ஆகியவற்றை, வரிசை பிசகாமல் எழுதினேன். வாய்மொழித் தேர்விலோ, “சி மீறப்பட்டாலே போதாதா, சிபியும் ஏன் மீறப்பட வேண்டும்?” என்று கேட்டார்கள். பட்டியலைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

அதன்பிறகு, ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துவிட்டால் எது கெடுகிறது என்று தாளில் போட்டுப் பார்த்தே படித்தேன். முதல் நிபந்தனைக்கு இரண்டு வரி போதும்: நிகரப் பேரியான் எண் சுழியத்தில் தொடங்கி, அது மாறவே முடியாததாக இருந்தால், இன்றும் சுழியமாகவே இருக்கும்.

என்னைத் திணறடித்த இரண்டாவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு உதவியது. எக்ஸ் என்ற கனமான துகள் சிதையும்போது இடக்கை குவார்க்குகளை (தற்சுழற்சி ஓடும் திசைக்கு எதிராக உள்ளவை) 7 பங்கும் வலக்கை குவார்க்குகளை (அதே திசையில் உள்ளவை) 3 பங்கும் தருவதாகக் கொள்ளுங்கள். சி சமச்சீர்மை மெய்யாக இருந்தால் எதிர் எக்ஸும் இடக்கை எதிர்க்குவார்க்குகளை 7 பங்கு தர வேண்டும். அது 3 பங்குதான் தருகிறது என்றால் சி மீறப்பட்டுவிட்டது. ஆனால் சிபி மீறப்படாதவரை, இடக்கைக் குவார்க்குக்கு இணை வலக்கை எதிர்க்குவார்க்கு. ஆகவே அது 7 பங்கு வந்தாக வேண்டும். கூட்டினால் இரு பக்கமும் 10. மிகுதி ஏதும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகே, 1964இல் குரோனினும் ஃபிட்சும் கேயான் என்ற துகளின் நெடுநாள் வாழும் வகையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு, பையான் என்ற இலேசான துகள்கள் இரண்டாகச் சிதைவதை, சிபி மெய்யாக இருந்தால் நிகழவே முடியாததை, கண்டது ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்பது எனக்கு உறைத்தது.

மூன்றாவது நிபந்தனையைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். சிபியோடு காலத்தின் திசையையும் திருப்பினால் விதிகள் மாறாது என்னும் சிபிடி தேற்றத்தின்படி துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் நிறை ஒன்றே. பேரியான் எண் மாறக்கூடிய நிலையில் சமநிலையும் நிலவினால், எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை நிறையும் வெப்பநிலையும் மட்டுமே என்பதால், இரண்டும் சமமாகவே இருக்கும். அண்டம் விரிந்து குளிர்ந்து, சுற்றியுள்ள துகள்களிடம் எக்ஸை மறுபடி உண்டாக்கும் ஆற்றல் இல்லாமல் போன பின்பு எக்ஸ் சிதைந்தால்தான், அந்த மிகுதியை அழிக்கும் எதிர்வினை நின்றுபோகிறது.

எண்களையும் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) உள்ள பேரியான்கள் சுமார் 6×10⁻¹⁰. அண்டத்தின் தொடக்ககால ஒளியின் எச்சமான நுண்ணலைப் பின்னணியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 410 ஃபோட்டான்கள், அதாவது கன மீட்டருக்கு 41 கோடி. பெருக்கினால் கிடைப்பது கால் பேரியான்! நான்கு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான் என்ற இந்தச் சொற்பத்துக்குத்தான் விளக்கம் தேடுகிறோம். “எல்லாம் அழிந்து கொஞ்சம் மிஞ்சியது” என்று எழுதுவது விடையாகாது, வினாவையே திருப்பி எழுதுவது.

அறியப்பட்ட துகள்களையும் அவற்றின் விசைகளையும் விளக்கும் கோட்பாடான திட்ட மாதிரியம் ஏன் போதாது என்பதையும் இதே முறையில் எழுதலாம். குவார்க்கு வகைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் சிபி மீறல் மிகமிகச் சிறியது. ஹிக்ஸ் துகளின் நிறை 125 ஜிஇவி (துகள் நிறையின் அலகு) அளவில் இருப்பதால், அண்டம் குளிர்ந்தபோது துகள்களுக்கு நிறை தந்த மின்வலுக்குறை நிலைமாற்றம் திடீரென்று நிகழாமல் வழுவழுப்பாக நடந்து, சமநிலையைப் போதுமான அளவு குலைப்பதில்லை. மாற்று வழியாக ஃபுக்குகிதாவும் யனகிதாவும் 1986இல் முன்வைத்த லெப்டான் (எலக்ட்ரான், நியூட்ரினோ போன்ற துகள்) வழி விளக்கத்தில் மூன்று நிபந்தனைகளும் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். இரண்டாவதும் மூன்றாவதும் கனமான நியூட்ரினோவின் சிதைவிலேயே கிடைத்துவிட்டன. முதலாவதற்குத்தான் இரண்டு படி தேவைப்பட்டது: அச்சிதைவு மீறுவது லெப்டான் எண்ணை மட்டுமே, அந்த ஏற்றத்தாழ்வில் ஒரு பகுதியைப் பேரியான்களுக்கு மாற்றிக் கொடுப்பது, திட்ட மாதிரியத்திலேயே உள்ள, மிகு வெப்பத்தில் லெப்டான் எண்ணையும் பேரியான் எண்ணையும் சேர்த்து மாற்றும் ஸ்பேலரான் நிகழ்வு.