மதிப்பெண் இல்லாத பாடத்திற்கு ஒரு பரிசு

நான் படித்த கத்தோலிக்கக் கல்லூரியில் வாரத்திற்கு ஒரு மணி நேரம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்காக மாடிக்குப் போவார்கள். என்னைப் போன்ற மற்றவர்கள் நன்னெறி வகுப்பிற்காகக் கீழேயே இருப்போம். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் எவரையும் அவரது சம்மதமின்றி மதபோதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3)ஆம் உறுப்பு சொல்வதைப் பின்னாளில்தான் படித்தேன். பட்டத்திற்கான மொத்த மதிப்பெண்ணில் இவ்விரண்டு வகுப்புகளுக்கும் இடமில்லை என்பதால், பின்வரிசைக்காரர்கள் அந்த நேரத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதி முடிப்பது வழக்கம்.

இருவரின் வகுப்பில் மட்டும் அது நடக்காது. மாடியில் மறைக்கல்வி நடத்திய ஃபாதர் சில வாரங்கள் கீழே எங்களிடம் வருவார். வீரமாமுனிவர் 1730இல் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்ததை அவர் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் பாலை ஏன் விட்டார் என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. ஃபாதர் சிரிக்காமல் ‘ஊடுதல் காமத்திற்கு இன்பம்’ என்று கரும்பலகையில் எழுதி, “அவர் துறவி, விட்டுவிட்டார், நீங்கள் துறவிகள் இல்லையே, அடுத்த வாரம் பத்துக் குறளுக்குப் பொருள் எழுதி வாருங்கள்” என்றார். எழுதிப் போனோம்.

கீழ் வகுப்பின் பேராசிரியர் வேறு மாதிரி. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று உலகெங்கிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்ததைப் படித்துக் காட்டிவிட்டு, “அப்படி உங்கள் வீட்டில் எதைக் கண்டீர்கள்?” என்று கேட்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பார்.

இருவரும் மறைந்தபின், பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, இருவர் பெயரிலும் ஒரே அறக்கட்டளைப் பரிசை ஏற்படுத்தினோம். ஆறரை விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 6,500 ரூபாய் கிடைக்கும். மாடிக்கு ஒருவர், கீழே ஒருவர் என்று பாதிப்பாதி. தகுதியை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் மூன்று கூட்டங்கள் போயின. வகுப்புத் தேர்வில் முதலிடம் பெற்றவருக்குக் கொடுத்தால் கணக்குச் சுலபம் என்றார்கள் சிலர். அந்த இருவர் பெயரில் அப்படி ஒரு பரிசு கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம் என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். இறுதியில், விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருடனும் பத்து நிமிடம் பேசுவது, ஆசிரியர் சொன்ன எதை ஏற்க முடியவில்லை என்று கேட்பது என முடிவாயிற்று.

முதல் ஆண்டு நன்னெறி வகுப்பிலிருந்து பரிசு பெற்ற மாணவி, கல்லூரி நாள் விழா முடிந்ததும் என்னிடம் வந்து, “மாடியில் என்ன சார் சொல்லிக்கொடுப்பார்கள்?” என்று கேட்டார். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்தப் படியேறிக் கேட்டதில்லை. உடன் பரிசு பெற்ற பையன் பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான், அவனைக் காட்டினேன்.