மாத்திரையைக் குறைத்த பிறகு

"மாத்திரையைக் குறைப்பது நீங்கள், சிஸ்டர். இரவெல்லாம் விழித்திருப்பது நான்."

எங்கள் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் அக்கா இதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். காட்பாடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று கூந்தலை அள்ளி முடிந்தபடி, சாதாரணமாகச் சொன்னார்.

பேச்சு குடியாத்தத்து ஐயாவைப் பற்றியது. கைத்தறியில் லுங்கி நெய்தவர், மறதிநோய். வந்த புதிதில் கூச்சல் போட்டார் என்று இரவில் க்வெட்டியாபின் என்ற மனநோய் மருந்து 50 மில்லிகிராம் ஆரம்பித்தது; அதன்பின் நிறுத்துவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பகலெல்லாம் தலை தொங்கும். கஞ்சி வாயிலேயே நிற்கும். எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடுவார். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டது நான்தான். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, முட்டிவலி எல்லாம் பார்த்தார். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலிதான் பல நேரம் கூச்சலாக வருகிறது. முட்டிக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, க்வெட்டியாபினை 25 ஆக்கி, இரண்டு வாரம் கழித்து நிறுத்தினார்.

இப்போது இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிடுகிறார். "நீ எந்த ஊர்ப் பெண்ணம்மா?" என்று தினமும் கேட்கிறார். ஆனால் நடுநிசியில் எழுந்துவிடுகிறார். போர்வையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, அறுந்த இழையைத் தேடி, இல்லாத நூலுக்கு முடிச்சுப் போடுகிறார். பிறகு அடுத்த கட்டிலின் போர்வை. அந்த அறையே விழித்துக்கொள்கிறது.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், அக்கா" என்றேன்.

"பொறுக்கிறேன். கூட ஒரு ஆள் வருமா?"

என்னிடம் பதில் இல்லை. இன்னொரு ஆளின் சம்பளத்தைவிட மாத்திரை அட்டை மலிவு. நிர்வாகத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மாத்திரை ஐயாவுக்காக அல்ல, எங்கள் ஆள் பற்றாக்குறைக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பகல் பணியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது. ஐம்பதைத் தாண்டிய அந்த அக்கா வீட்டுக்குப் போனாலும் தூங்குவதில்லை, சமையல் காத்திருக்கிறது. அவருடைய தூக்கத்தை எடுத்துத்தான் ஐயாவுக்குப் பகலைக் கொடுத்தேனோ என்று சில நாள் தோன்றுகிறது. அடுத்த நாள் ஐயா ஊர் கேட்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

வரும் வாரம் டாக்டர் வருகிறார். பழையபடி மாத்திரை எழுதச் சொல்லி அக்கா கேட்கப்போகிறாராம். கேட்கட்டும். நான் வேண்டாம் என்பேன். இரவுக்கு ஆள் வேண்டும் என்று நிர்வாகியிடம் மறுபடி கேட்பேன். நிர்வாகி முடியாது என்றால் டாக்டர் முன்னால் அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.